ஆதரவற்றோருக்குத் தங்குமிடம் நடத்த நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, காவிரியின் தென்கரையில் உள்ள ஒரு பழைய ஓட்டு வீட்டில், போக்கிடம் இல்லாதவர்களுக்கான தங்குமிடம் ஒன்றை நானும் என் மனைவியும் நண்பர்கள் சிலரும் நடத்திவருகிறோம். கட்டில்கள் பதினான்கு, அதற்கு மேல் இல்லை. கோயில் பிராகாரத்திலும், கல்யாணப் பந்தியிலும், தொலைபேசியிலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைத் தந்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். சட்டம் வருகிற இடங்களில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் நடத்துவது முதியோர் இல்லம்தானே?

இல்லை. முதியோர் இல்லத்தில் சேர்பவருக்கு ஊரும் பேரும் உண்டு, கொண்டுவந்து சேர்ப்பவர் உண்டு, பெரும்பாலும் மாதக் கட்டணமும் உண்டு. எங்களிடம் வருபவர்கள் ரயிலடியில் இறங்கி ஊர் மறந்து நிற்பவர்கள், அடி தாங்காமல் இரவில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பெண்கள், மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டு அடுத்து எங்கே போவதென்று தெரியாதவர்கள்.

இந்தப் பக்கத்து வீடுகளில் வாசல் திண்ணை எதற்கு இருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். வழிப்போக்கர் யாரிடமும் கேட்காமல் வந்து படுக்கலாம், விடிந்ததும் எழுந்து போகலாம். எங்கள் இடமும் அப்படிப்பட்ட ஒரு திண்ணையே. வந்தவர்களில் பலர் சில வாரங்களில் வீட்டுக்கோ நிரந்தரமான வேறு இடத்துக்கோ போய்விடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டி யாராவது எங்களைப் பாராட்டினால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சாமி கும்பிடும்போது "இதைச் செய்" என்று உள்ளே யாரோ சொன்னது போல இருந்தது. அதை நம்பி இறங்கலாமா?

நம்பலாம், ஆனால் அன்றைக்கே இறங்க வேண்டாம். எனக்கு வந்தது குரல் அல்ல, வெட்கம். ஓர் ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஏறும்போது, படித்துறையில் ஈரப்புடவையோடு ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மாலையில் அதே வழியாகத் திரும்பியபோதும் அவர் அங்கேயே இருந்தார். புடவை உடம்பிலேயே காய்ந்திருந்தது. ஒரே நாளில் இரண்டு முறை அவரைக் கடந்து போனவன் நான் என்பதே என்னைத் தூங்கவிடவில்லை. அதைக் கடவுளின் ஏவல் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இன்று சந்திரன் தலமாக அறியப்படும் திங்களூர், திருவையாற்றுக்கு அருகில்தான் இருக்கிறது. அப்பூதியடிகள் அவ்வூர்க்காரர், திருநாவுக்கரசரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தலும் சாலையும் குளமும் அமைத்தவர். அந்த வரலாற்றில் பந்தல் எனக்கு ஊக்கம் தருகிறது. அடியாரின் உணவு தடைப்படக் கூடாதென்று பாம்பு தீண்டி இறந்த மகனை மறைத்து வைத்த பகுதி, பக்தியோடு கேட்கும்போதும் அச்சத்தையே தருகிறது. உங்கள் மனைவி மக்கள் மனமாரச் சம்மதிக்காத பணியைக் கடவுளின் பெயரால் அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். முதலில் மூன்று மாதம், ஏற்கெனவே நடக்கும் ஓர் இல்லத்துக்குப் போய், மலம் துடைப்பதும் துணி அலசுவதுமான வேலையை மட்டும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் அந்தக் குரல் கேட்டால் மேற்கொண்டு படியுங்கள்.

இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இல்லையா? நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

அரசுக்கும் இந்தக் கடமை உண்டு. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம் இருக்க வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த நெறி. ஆனால் அது நகரத்துக்கான கணக்கு. பேரூராட்சி பஸ் நிறுத்தத்தில் இரவு பதினொரு மணிக்கு நிற்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சத்திரங்களில் எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு, நோயுற்றவருக்கு மருந்தும் பத்தியமும் உண்டு, அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு உண்டு என்று விவரிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது அதில் வரும் மணி: நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்களாம். அது அரசின் கொடை. ஆனால் மணி அடிப்பதற்கு ஊரில் ஓர் ஆள் விழித்திருந்தாக வேண்டும்.

எங்கள் தெருக் கோயில் வாசலில் ஒரு பெரியவர் இரண்டு நாளாகப் படுத்திருக்கிறார். முதலில் என்ன செய்வது?

முதலில் பக்கத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேள்வி கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், பல நாள் பட்டினி என்று தோன்றினால் இலை நிறையச் சோறு வைக்காமல் உப்புப் போட்ட கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காயம், காய்ச்சல், பேச்சுக் குழறல் இருந்தால் 108ஐ அழையுங்கள். வயதானவர்களுக்கான உதவி எண் 14567. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே காவல் நிலையத்துக்குச் செய்தி போக வேண்டும். காரணம் அடுத்த விடையில் இருக்கிறது.

பெயர், ஊர் கேட்டால் பலர் வாய் திறப்பதில்லை. குளிப்பாட்டும்போதுதான் மனிதர்கள் பேசத் தொடங்குகிறார்கள் என்பது என் அனுபவம். பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவந்த ஒருவரை முற்றத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்து வெந்நீர் ஊற்றினோம். மூன்றாவது சொம்பில் சட்டென்று இடுப்பைப் பொத்திக்கொண்டார். அரைஞாண் கயிற்றில் ஒரு வீட்டுச் சாவி. அதோடு கோத்த தகர வில்லையில் பாதி அழிந்த எழுத்துகள். "நல்லூர்" என்பது மட்டும் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் நல்லூர் என்று முடியும் ஊர் எத்தனை என்று யாருக்குத் தெரியும்! ஒவ்வொரு நல்லூராகப் பெயர் சொல்லிக்கொண்டே முதுகு தேய்த்தேன். அவர் எதற்கும் அசையவில்லை. சாவியை மட்டும் விடவில்லை.

நடவுக் காலத்தில் வங்காளத்திலிருந்தும் பிற வட மாநிலங்களிலிருந்தும் கூலிக்கு வருபவர்கள் கூட்டத்தைத் தவறவிட்டு நிற்பதும் உண்டு. அவர்கள் மொழி பேசும் ஒரு தொழிலாளியை வயலிலிருந்து அழைத்துவந்து பேசவைப்பதே மிக விரைவான வழி.

நல்லது செய்யப் போய்ப் போலீஸ் ஸ்டேஷன் ஏற வேண்டுமா?

ஏறத்தான் வேண்டும். மேலே சொன்ன சாவிக்காரரின் கதையில் மீதி இதுதான். தொடக்க காலம் என்பதால், நாங்களே கண்டுபிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் நான் நான்கு நாள் யாருக்கும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவருடைய மகள் வந்து சேர்ந்தார். அப்பாவைக் காணவில்லை என்று இரண்டாம் நாளே புகார் கொடுத்திருந்தார். அந்தக் காவல் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் அவர் கிணறு குளமெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அன்றிலிருந்து, ஒருவர் உள்ளே வந்த அன்றே, வந்த நேரம், கண்ட இடம், அடையாளங்கள், உடைமைகள் ஆகியவற்றை எழுதி, புகைப்படத்தோடு காவல் நிலையத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்கிறோம். பின்னால் யாராவது "எங்கள் ஆளை அடைத்து வைத்தார்கள்", "நகையைக் காணோம்" என்று வந்தால் உங்களைக் காப்பதும் அந்தத் தாள்தான்.

தாத்தா கட்டிய வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது. அது போதுமா?

மனம் போதும், வீடு போதுமா என்பதை அளந்து பார்க்க வேண்டும். நகர்ப்புறத் தங்குமிடங்களுக்கு ஆளுக்கு 50 சதுர அடி என்பது குறைந்தபட்ச அளவு. நீங்களும் அதற்குக் கீழே போக வேண்டாம். பழைய வீடுகளில் நிலைப்படி உயரம், கொல்லைக் கோடியில் கழிப்பறை, நடுவில் வழுக்கும் முற்றம் என்று மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. கட்டில் வாங்குவதற்கு முன்பே, படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் வகைக் கழிப்பறையும் கைப்பிடிக் கம்பியும் அமைத்துவிடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கட்டும் தனித்தனி வாசலும் இல்லையென்றால் ஒரு பாலாரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போர்வை காயாது. படுக்கை நனைப்பவர்கள் நான்கு பேர் இருந்தால், ஒரு கட்டிலுக்கு நான்கு விரிப்பு வைத்திருந்தாலும் மூன்றாம் நாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். பத்தாயம் இருந்த அறையில் கயிறு கட்டி, மின்விசிறியை ஓடவிட்டுத்தான் நாங்கள் சமாளிக்கிறோம்.

பதிவு, லைசென்ஸ் என்று என்னென்ன வேண்டும்?

அறக்கட்டளையாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம்; அல்லது குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகப் பதியலாம். தனி ஆளின் பெயரில் மட்டும் நடத்தாதீர்கள். பெண்களைத் தங்கவைத்தால், மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை முறைப்படுத்தும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் தேவை. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான சான்றுகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அலைச்சல்தான், ஆனால் தீயணைப்பு வீரர் வந்து, எங்கள் பின்வாசல் உட்பக்கமாகத் திறப்பதைச் சுட்டிக்காட்டி மாற்றச் சொன்னபோது, அந்த அலைச்சலுக்கு நன்றி சொன்னேன்.

குழந்தை வந்தால் நாமே வளர்க்கலாமா?

கூடாது. 18 வயது நிறையாத எவராக இருந்தாலும், கண்ட 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ, காவல் துறைக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் குழந்தைகள் இல்லம் நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். தாயும் குழந்தையுமாக வந்தாலும் செய்தி சொல்லிவிடுங்கள். அடிபட்டு வந்த பெண்களுக்கு 181 என்ற எண்ணும், மாவட்டத்தில் பெண்களுக்கு உதவ உள்ள சகி மையமும் இருக்கின்றன. முதல் இரவு உங்கள் வீடு, மறுநாள் அந்த மையம் என்று வைத்துக்கொள்வது அவர்களுக்கும் பாதுகாப்பு.

மனநிலை சரியில்லாதவர்களைச் சாமி சன்னிதியில் வைத்திருந்தால் குணமாகும் என்கிறார்களே?

பிரார்த்தனை செய்யலாம், மருந்தை நிறுத்தக் கூடாது, கட்டிப்போடக் கூடாது. நம்பிக்கையின் பெயரால் இடம் நடத்துகிற ஒவ்வொருவரும் ஏர்வாடியை நினைவில் வைத்திருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் பக்தியோடுதான் விட்டார்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மனநோயோடு தெருவில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அவரை அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மனநலச் சிகிச்சைக்கென்று இடம் நடத்துவதற்குத் தனிப் பதிவு வேண்டும். எங்களிடம் அது இல்லை. ஆகவே மருத்துவரைப் பார்த்து, மருந்து தொடங்கி, அமைதியடைந்தவர்களை மட்டுமே வைத்துக்கொள்கிறோம்.

பெற்ற மகனே கொண்டுவந்து "இவர் அநாதை" என்று விட்டுவிட்டுப் போனால்?

நடக்கிறது. மூக்கு அச்சாக ஒன்றுபோல இருக்கும். "வழியில் கிடந்தார், பாவம் என்று அழைத்துவந்தேன்" என்பார். கோபப்பட்டுப் பயனில்லை, அந்தக் கோபத்தைப் பெரியவர்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அழைத்துவந்தவரின் பெயர், முகவரி, கையெழுத்து இல்லாமல் யாரையும் ஏற்பதில்லை என்ற விதி ஒன்றே போதும். பாதிப் பேர் பேனாவைக் கையில் வாங்கியதும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, மூத்த குடிமக்களைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு நிலத்தை எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யவும் கேட்கலாம். இருந்தாலும், மனு போடலாமா என்று நான் கேட்ட பெற்றோரில் பெரும்பாலோர் வேண்டாம் என்றே சொன்னார்கள். அவர்கள் சொல்லை மீறி நான் போட்டதில்லை. அது சரியா என்று என் மனைவிக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

நீங்கள் சைவர்கள். வேறு சாதி, வேறு மதத்தவரைச் சேர்ப்பீர்களா? சேர்ந்தால் தேவாரம் பாட வேண்டுமா?

சேர்க்கிறோம், பாட வேண்டியதில்லை. காலையில் கூடத்தில் நாங்கள் பாடுகிறோம். விரும்பாதவர் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம். தொழுபவருக்குப் பாயும், மாதா படம் வைத்திருப்பவருக்கு ஓர் ஆணியும் உண்டு. படுக்கைக்கு விலையாகப் பக்தியை வாங்கினால் அது தங்குமிடம் ஆகாது, வியாபாரம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்த பிறகு, நாகப்பட்டினக் கரையில் கோயிலும் தேவாலயமும் தர்காவும் கல்யாண மண்டபமும் ஒன்றுபோலத் திறந்தன. உள்ளே வந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாதி சற்றுக் கடினம். ஒரே பந்தி, ஒரே குடம், ஒரே அடுக்களை என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். பசி அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்தது.

திதிக்குச் சாப்பாடு போட வருகிறோம், படம் எடுத்துக்கொள்ளலாமா? சிங்கப்பூரில் இருக்கிற அண்ணன் பணம் அனுப்பலாமா?

சாப்பாடு போடலாம், படம் வேண்டாம். தம்மைத் தேடும் கணவனுக்குப் பயந்து ஒளிந்திருப்பவர் அந்தப் பந்தியில் இருக்கக்கூடும். இன்னொன்று: அமாவாசையன்று மூன்று குடும்பங்கள் வடை பாயசத்தோடு வந்து நிற்கின்றன, அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் பாதிப் பேர். அந்தப் பணத்தைப் போர்வைக்கும் மாத்திரைக்கும் கொடுத்தால் பிதிரர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சம்பா அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகள் வருகின்றன. ஐப்பசியில்தான் அரிசிப் பானை சத்தம் போடும். ஆகவே வருவதைத் தை மாதத்திலேயே பங்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் என்றால், தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அவர் சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டார் என்றால், உடன்பிறந்தவராக இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கோயில் நிலம் சும்மா கிடக்கிறது. அதில் கட்டலாமா?

வாய்மொழியாக யார் சம்மதித்தாலும் கட்டாதீர்கள். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும்.

புயல், வெள்ளம் வந்தால் எல்லோரையும் உள்ளே விடுவீர்களா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, ஓட்டு வீடுகள் எப்படி ஆயின என்பதைப் பார்த்தோம். எங்கள் வீடும் ஓட்டு வீடே. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்களை உள்ளே சேர்ப்பதில்லை; எங்கள் ஆட்களையே முந்தின நாள் பகலில் கான்கிரீட் கட்டடமான பள்ளிக்கோ மண்டபத்துக்கோ கொண்டுபோகிறோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை யார் தூக்குவது என்பதை ஆடியிலேயே பெயர் போட்டு எழுதி ஒட்டிவிடுகிறோம்.

இங்கேயே இறந்துபோனால் காரியம் யார் செய்வது?

மருத்துவர் சான்று, காவல் நிலையத் தகவல், 21 நாளுக்குள் இறப்புப் பதிவு ஆகியவை முதலில். ஊர் தெரியாதவர்களைக் காவல் துறையின் நடைமுறை முடிந்த பிறகு அடக்கம் செய்கிறோம், எரிப்பதில்லை. என்றாவது ஒரு மகள் தேடி வந்தால் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கட்டும் என்பதற்காக. உயிரோடு இருக்கும்போதே அவரவர் வழக்கத்தைக் கேட்டுப் பேரேட்டில் எழுதிவைக்கிறோம். கேட்பதற்கு வாய் கூசும். கேட்ட பிறகு அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

"நான் போகிறேன்" என்று ஒருவர் கிளம்பினால் விட்டுவிடுவீர்களா? மறதி உள்ளவர் என்றால்?

விட்டுவிடுகிறோம். முதல் விடையில் சொன்ன திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக் காசு, ஒரு பொட்டலம் புளிச்சோறு, எங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஆகியவற்றைக் கொடுத்து, போகிற ஊரையும் நேரத்தையும் பேரேட்டில் எழுதிக்கொள்கிறோம். இரண்டு முறை போய் மூன்றாம் முறை திரும்பி வந்தவர்களிடம் காரணம் கேட்பதில்லை.

மறதி உள்ளவரிடம் இந்த நியாயம் செல்லாது. அவரைப் பூட்டி வைத்தால் ஏர்வாடிக்கு ஒரு படி நெருங்குகிறோம். விட்டுவிட்டால் வாய்க்காலில் விழுவார். சாவிக்காரர் இருந்த ஐந்து நாளில் நாங்கள் கண்டுபிடித்த வழியையே இன்றும் பின்பற்றுகிறோம். மறதி உள்ளவர் கிளம்பினால் எங்களில் ஒருவர் பத்தடி பின்னால் நடக்கிறார். பெரும்பாலும் அரச மரத்தடி வரை போய், எதற்கு வந்தோம் என்று நின்றுவிடுவார். அப்போது கூட நடந்தவர் பக்கத்தில் போய், "வெயில் ஏறிடுச்சு, காபி குடிச்சுட்டுப் போகலாமாப்பா?" என்று கேட்டால் போதும். வாசல் கதவின் தாழ்ப்பாளை உட்பக்கம், உட்கார்ந்து நகர்பவரின் கைக்கும் எட்டும் உயரத்தில்தான் வைத்திருக்கிறோம். அதற்கு மேலே சிறிய வெண்கல மணி ஒன்றைக் கட்டியிருக்கிறோம். கதவு அசைந்தால் கூடத்தில் படுத்திருப்பவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்வார்.